தோட்டத்துப் பாதை புதைகிறதா, அரிக்கிறதா, உடைகிறதா? எதைப் பார்த்து எதைச் சரிசெய்வது

பாதை கெட்டுப்போனதும் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை "இன்னும் ரெண்டு லோடு கிராவல் அடிச்சுட்டா சரியாயிடும்" என்பதுதான். அடுத்த ஐப்பசிக்குள் அந்த இரண்டு லோடும் சேற்றோடு சேறாகியிருக்கும், பிறகு மறுபடியும் இரண்டு லோடு. கிராவல் குறைந்ததால் கெட்ட பாதை மிகக் குறைவு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பது தெரியாமல் போட்டதால் கெட்ட பாதைகள்தான் அதிகம். அதனால் டிப்பருக்கு போன் போடுவதற்கு முன்னால் தண்ணீரின் போக்கைக் கண்டுபிடியுங்கள்.

அதற்கு ஒரே நல்ல நேரம் மழை கொட்டும்போதுதான். குடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வாயிலிலிருந்து வீடு அல்லது களத்துமேடு வரை நடந்து பாருங்கள். தண்ணீர் பாதைக்குள் நுழையும் இடம், நிற்கும் இடம், வெளியேறும் இடம் மூன்றிலும் இடத்துக்கொரு குச்சி நட்டு வையுங்கள், வெயில் வந்த பிறகு எதுவும் ஞாபகம் இருக்காது. மண் அரைகுறையாகக் காய்ந்ததும் லோடு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரை நடை வேகத்தில் ஓட்டச் சொல்லி, பக்கத்திலேயே நடந்தபடி சக்கரத்தின் அடியைக் கவனியுங்கள். மண் மெத்தை போல அமுங்கி எழுந்தால் அடிமண் ஊறியிருக்கிறது. அமுங்காமல் மேல்பகுதி மட்டும் நொறுங்கினால் கோளாறு மேல் அடுக்கில். இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி உங்கள் பாதையில் தெரிவது எதுவோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

மழை பெய்தால் சக்கரம் புதைகிறது

கரிசல், களிமண் தோட்டங்களில் வரும் தொல்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் சொல்லவே வேண்டாம், பல்லடம், உடுமலைப் பக்கத்திலும் கரிசல் நிலம் உண்டு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அதே மண், மழையில் ஊறிப் பருத்ததும் எடை தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது.

புதைந்த இடத்தில் கடப்பாரையால் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். போட்ட கிராவல் தனி அடுக்காகத் தெரியாமல், கறுப்பு மண்ணோடு கலந்து போயிருந்தால், மேலிருந்து சக்கரம் கல்லை அழுத்த அழுத்த கீழிருந்து களி மேலே ஏறி வந்திருக்கிறது என்று பொருள். அதன்மேல் எத்தனை லோடு கொட்டினாலும் இதேதான் நடக்கும்.

முதலில் உயரத்தைப் பாருங்கள். ஜேசிபி வந்து மேல்மண்ணை வழித்துத் தள்ளிவிட்டு, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே அரை அடி கிராவல் போட்டுச் சமன்படுத்திவிட்டுப் போவது எங்கும் நடக்கிறது. வேரும் மக்கும் உள்ள மேல்மண்ணை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதோடு நிறுத்தினால் பாதை வயலைவிடத் தாழ்ந்து வாய்க்காலாகிவிடும். வேலை முடியும்போது பாதையின் மேல்மட்டம் பக்கத்து நிலத்தைவிட ஒரு அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வாய்க்கால் எடுத்து, அது கடைசியில் ஓடைக்கோ பண்ணைக்குட்டைக்கோ போய்ச் சேருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், போக்கிடம் இல்லாத வாய்க்கால் தண்ணீரைப் பாதைக்குப் பக்கத்திலேயே சேமித்துக் கொடுக்கும் தொட்டிதான்.

அடுத்தது களிக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு தடுப்பு. சேற்றை முழுவதும் வழித்து எடுத்துவிட்டு, கெட்டியான தளத்தின் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, ஒன்றின்மேல் ஒன்று ஒன்றரை அடி ஏறும்படி போட்டு, அதற்கு மேல்தான் கல் போட வேண்டும். தண்ணீர் கசிந்து போகும், களி மேலே ஏறாது. தென்னை நாரில் செய்த துணியும் உண்டு. 2020இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்திலேயே தென்னை நார்த் துணியைப் பயன்படுத்த மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளில் அது மக்கிவிடும் என்பது உண்மைதான், அதற்குள் அடிமண் இறுகிவிடும் என்ற கணக்கில் போடுவது அது. எப்போதும் ஈரமாகவே இருக்கும் இடத்துக்கு நான் செயற்கை இழைத் துணியைத்தான் சொல்வேன். துணி விரித்ததும் டிப்பரை அதன்மேல் ஏற்ற விடாதீர்கள். கொட்டிய கல்லின் மேலேயே நின்று ஜேசிபி முன்னால் தள்ளிக்கொண்டே போகட்டும்.

துணி கிடைக்கவில்லை, அல்லது நீளம் அதிகம் என்றால் சுண்ணாம்பு. கரிசலோடு எடையில் 3 முதல் 6 சதவீதம் சுண்ணாம்பு கலந்தால் அதன் ஊறிப் பருக்கும் குணம் நன்றாகவே குறையும். 15 செ.மீ. ஆழத்துக்கு 4 சதவீதம் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ. தூவி, ரோட்டவேட்டர் ஓட்டிக் கலக்கி, தண்ணீர் தெளித்து ஒன்றிரண்டு நாள் விட்டு, மறுபடி கலக்கி, ரோலர் போட்டு ஒரு வாரம் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். காற்றடிக்கும் நாளில் செய்யாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை, முகமூடி மூன்றும் இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது.

இப்போது கிராவல் கணக்கு. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 45 கன மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 1,600 கன அடி, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 16 யூனிட். உதிரியாக வரும் மண் ரோலர் ஓடியதும் அமுங்கும் என்பதால் 20 யூனிட் வேண்டியிருக்கும். கரிசலுக்கு 15 செ.மீ. போதாது, லாரி வரும் பாதை என்றால் இரண்டு அடுக்காக 30 செ.மீ. வையுங்கள். "லோடு" கணக்கில் பேசாதீர்கள், டிப்பருக்கு டிப்பர் கொள்ளளவு மாறும். தொட்டியின் நீள, அகல, உயரத்தை அளந்து யூனிட் கணக்கில் பேசுங்கள், மண் ஏற்றி வருவதற்கான நடைச்சீட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். சீட்டில்லாத மண் வண்டி வழியில் பிடிபட்டால் வேலை நின்றுவிடும்.

ஒவ்வொரு அடுக்கும் 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம். கையில் ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது, அதுதான் ரோலர் ஓட்டும் பதம். ஜேசிபியே நாலு தடவை ஏறி இறங்கினால் போதும் என்று சொல்வார்கள். டயர் படும் இடம் மட்டும் இறுகி, மீதி உதிரியாகவே இருக்கும், முதல் மழையில் அந்த உதிரிப் பகுதிதான் உட்காரும். 8 முதல் 10 டன் ரோலரை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது கிராவல் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதில்லை.

மழையே இல்லை, ஆனால் ஒரே இடம் எப்போதும் ஈரமாக இருக்கிறது

இது ஊற்றா, கசிவா, உடைந்த பைப்பா என்று பிரித்தறிய வேண்டும். மோட்டாரை இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள். ஈரம் குறைந்தால் பாதைக்கு அடியில் போகும் பிவிசி லைன் விரிசல் விட்டிருக்கிறது. பாதைக்குக் குறுக்கே போகும் எந்த லைனையும் நேரடியாக மண்ணில் புதைக்காமல் அதைவிடப் பெரிய பைப்புக்குள் நுழைத்து இரண்டு அடி ஆழத்தில் போட்டால், பிறகு பழுது வந்தாலும் பாதையைத் தோண்டாமல் உருவி மாற்றலாம். பாதையைத் திறக்கும்போதே காலியாக ஒரு பைப்பையும் சேர்த்துப் போட்டு இரண்டு முனையையும் அடைத்து வைத்துவிடுங்கள், நாளைக்குக் கேமரா வயரோ சொட்டுநீர் லைனோ போக வழி இருக்கும்.

மோட்டாரை நிறுத்தியும் ஈரம் குறையவில்லை என்றால், பாதையின் மேட்டுப் பக்கத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீர் ஊறுகிற நாட்களைக் குறித்து வையுங்கள். மேட்டு நிலத்துக்காரர் பாசனம் செய்யும் நாளோடும், வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நாளோடும் அது பொருந்தினால் வரப்பைத் தாண்டி மண்ணுக்குள்ளேயே கசிந்து வருகிறது. பிஏபி எனும் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனப் பகுதியில் தண்ணீர் விட்டதும் இப்படிக் கசிவது சாதாரணம். இதற்காக யாரோடும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. பாதைக்கு மேட்டுப் பக்கமாக இரண்டரை அடி ஆழத்தில் நீளக் குழி எடுத்து, ஜியோ டெக்ஸ்டைல் விரித்து, அடியில் துளையிட்ட 110 மி.மீ. பைப் வைத்து, 20 மி.மீ. ஜல்லியால் நிரப்பி, துணியை மேலே மடித்து மண் மூடிவிடுங்கள். பைப்பின் முனை தாழ்வான இடத்தில் வெளியே தெரியும்படி இருக்கட்டும், அதில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தால்தான் வேலை செய்கிறதா என்று தெரியும். பாதைக்குள் வந்த தண்ணீரை வெளியேற்றுவதைவிட, வருவதற்கு முன்பே பிடித்துத் திருப்புவதுதான் எப்போதும் மலிவு.

நடுவே தண்ணீர் நிற்கிறது, குழி விழுகிறது

பாதையின் நடு உயரமாகவும் ஓரங்கள் தாழ்வாகவும் இருக்க வேண்டும். கிராவல் பாதைக்கு 4 சதவீதம் சாய்வு நல்லது, 3 மீட்டர் அகலத்துக்கு நடுவில் 6 செ.மீ. உயரம் என்று கணக்கு. நூல் கட்டிப் பார்த்தால் பெரும்பாலான தோட்டத்துப் பாதைகள் தலைகீழாக இருக்கும், சக்கரத் தடம் இரண்டும் பள்ளம், ஓரத்தில் புல் வளர்ந்து மேடு. அந்த ஓரப் புல் மேட்டைக் கவனியுங்கள். வெளியே ஓட வேண்டிய தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது அதுதான். பல இடங்களில் மண்வெட்டியால் அந்த மேட்டைச் செதுக்கி எடுத்தாலே பாதிக் குழிகள் அடுத்த மழையில் விழாது, ஒரு லோடு கூட வாங்க வேண்டியதில்லை.

விழுந்த குழிக்குள் தண்ணீரோடும் சேறோடும் கல்லைக் கொட்டினால் சக்கரம் அதைத் தெறித்துத் தள்ளிவிடும். சேற்றை அள்ளிவிட்டு, குழியின் ஓரங்களைக் கெட்டியான மண் வரும் வரை செங்குத்தாக வெட்டி, பாதை எதனால் ஆனதோ அதே பொருளைக் கொஞ்சம் ஈரத்தோடு இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் திம்சுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். பக்கத்துப் பரப்பைவிட ஒரு விரல் மேடாக முடியுங்கள், போகப் போக அமுங்கிச் சமமாகும். பத்தடிக்கு மூன்று குழி என்ற நிலை என்றால் ஒட்டு வேலை பயன்படாது. மொத்தமாகக் கிளறி, நடு உயரம் கொடுத்து, மறுபடி ரோலர் போடுங்கள்.

நடவுக்கு வரும் டிராக்டர், சேற்றில் உழ மாட்டும் இரும்புக் கேஜ் வீலோடு பாதையில் ஓடினால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். வயல் வாசலில் வந்து மாட்டி, அங்கேயே கழற்றச் சொல்லுங்கள், இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

சரிவில் நீளவாக்கில் ஓடை விழுகிறது

கரட்டு நிலம், மலையடிவாரத் தோட்டங்களில் இது பெரிய தலைவலி. தண்ணீர் மேலிருந்து கீழ் வரை பாதை வழியாகவே ஓடுகிறது, ஓட ஓட வேகம் கூடுகிறது, மண்ணை அறுத்துக்கொண்டு போகிறது. விழுந்த ஓடையில் மண்ணை நிரப்பினால் அடுத்த மழையில் அதே தடத்தில்தான் அறுக்கும். அதன் ஓட்டத்தை நடுநடுவே முறித்து வெளியே அனுப்பியாக வேண்டும்.

முதலில் சரிவை அளங்கள். மேஸ்திரிகள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும்: 10 மீட்டர் நீளத்தில் ஒரு மீட்டர் இறங்கினால் 10 சதவீதம். பாதைக்குக் குறுக்கே, கொஞ்சம் கோணலாக, கீழ்ப்பக்க முனை வெளியே திறந்திருக்கும்படி அகலமான தாழ்வான மேடும் அதற்கு மேல் ஆழமில்லாத பள்ளமுமாகப் போடுங்கள். 5 சதவீதச் சரிவில் சுமார் 40 மீட்டருக்கு ஒன்று, 10 சதவீதத்தில் 25 மீட்டருக்கு ஒன்று, 15 சதவீதத்தில் 18 மீட்டருக்கு ஒன்று. வேகத்தடை மாதிரிக் குறுகலாகக் கட்டினால் காரும் இடிக்கும், டிராக்டர்காரரும் ஓரமாகச் சுற்றிப் போய்ப் புதுத் தடம் போட்டுவிடுவார். மூன்று நான்கு மீட்டர் அகலத்துக்கு இழைந்து போகட்டும்.

தண்ணீர் வெளியே விழும் இடத்தை அப்படியே விட்டால் அங்கே பள்ளம் பறித்து, பிறகு பாதையையே உள்ளே இழுக்கும். கருங்கல் துண்டுகளைப் பரப்பி, அதற்குக் கீழே வெட்டிவேர் வரிசை நட்டுவிடுங்கள். வெட்டிவேரின் வேர் நேர் கீழாக இரண்டு மூன்று மீட்டர் இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்து வயலுக்குள் களையாகவும் பரவாது. பாதை ஓரம் சரிந்து விழுவதற்கும் இதே வைத்தியம்தான், கூடவே லாரிச் சக்கரம் ஓரத்தைத் தொடாதபடி இரண்டு பக்கமும் அரை மீட்டர் கூடுதல் அகலம் கொடுத்தால் போதும்.

12 சதவீதத்துக்கு மேல் சரிவு என்றால் கிராவலோடு போராடாதீர்கள், அந்தத் துண்டுக்கு மட்டும் காங்கிரீட் போட்டுவிடுங்கள். முழு அகலத்துக்கும் காசு இல்லை என்றால் சக்கரம் போகும் இரண்டு தடங்களுக்கு மட்டும், ஒவ்வொன்றும் முக்கால் மீட்டருக்குக் குறையாமல் போடலாம். டிராக்டருக்கும் காருக்கும் சக்கர இடைவெளி வேறு என்பதால் அதைவிடக் குறுக்கினால் ஏதாவது ஒரு வண்டி இறங்கிவிடும். மேல்பரப்பைத் துடைப்பத்தால் குறுக்கே கீறி விடுங்கள், மழையில் டயர் வழுக்காது.

குறுக்கே அலை அலையாக மேடு, உதிரிக் கல், தூசி, வழுக்கல்

இவை எல்லாம் மேல் அடுக்குப் பொருளின் கலவைக் கோளாறு. ஒட்டும் களி குறைவாக இருந்தால் வெயிலில் கல் உதிர்ந்து உருளும், வேகமாகப் போகும் வண்டிகள் குறுக்கு அலைகளை உண்டாக்கும். களி அதிகமானால் கோடையில் தூசி, மழையில் வழுக்கல். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மேல்மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். கல்லும் மணலும் உடனே அடியில் உட்காரும், களி கடைசியாக மேலே படியும். மேல் களி அடுக்கே இல்லையென்றால் கொஞ்சம் செம்மண், களி அடுக்கு பாதிக்கு மேல் என்றால் கிரஷர் தூளும் 20 மி.மீ. ஜல்லியும் சேருங்கள். சேர்ப்பது என்றால் மேலே தூவுவது அல்ல, அலையின் அடிப்பள்ளம் வரை மொத்தமாகக் கிளறி, கலந்து, நனைத்து, ரோலர் போடுவது. அலைப் பள்ளங்களை மட்டும் நிரப்பினால் அதே அலை அதே இடத்தில் திரும்ப வரும். உருண்டைக் கூழாங்கல்லை வாங்காதீர்கள், அது ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது. உடைத்த கல்தான் பிடிக்கும்.

வாயிலில் பைப் உடைகிறது, கார் அடி இடிக்கிறது, கேட் உரசுகிறது

ரோட்டோர வாய்க்கால் மேல் போட்ட ஹியூம் பைப் உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: மெல்லிய ரகம், மேலே மண் மூடல் போதாமை. லாரி ஏறும் இடத்துக்கு என்பி3 அல்லது என்பி4 ரகம் கேட்டு வாங்குங்கள். மேலே இரண்டு அடி மண் மூடல் கிடைக்க வேண்டும், அதற்கு உயரம் இல்லை என்றால் பைப்பைச் சுற்றிக் காங்கிரீட் போட்டுவிடுங்கள். விட்டம் 450 மி.மீ.க்குக் குறைய வேண்டாம், 600 என்றால் அடைத்த குப்பையை வாரி எடுக்கச் சௌகரியம். இரண்டு முனையிலும் கல் கட்டுச் சுவர் இல்லாவிட்டால் ஓரத்து மண் கரைந்து பைப் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதில்தான் முதல் சக்கரம் ஏறும். ஒன்று முக்கியம்: ரோட்டோர வாய்க்கால் உங்களுடையது அல்ல. ரோடு யாருடையதோ, ஊராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ, அங்கே எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுப் போடுங்கள்.

காரின் அடி இடிப்பது சரிவு திடீரென்று மாறுவதால். ரோட்டுக்கும் உங்கள் பாதைக்கும் நடுவே மூன்று மீட்டர் நீளத்துக்குப் பாதிச் சரிவில் ஒரு இடைப்பகுதி விட்டால் தீர்ந்தது. கேட்டை ரோட்டிலிருந்து ஒரு வண்டி முழுதாக நிற்கும் தூரம், குறைந்தது ஆறு மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள், வாய்ப்பகுதியையும் அகலமாக விரித்து விடுங்கள், இல்லாவிட்டால் லாரி திரும்பும்போது தூணைத்தான் இடிக்கும். கிராவல் போடும் முன்பே கேட்டின் அடியிடைவெளியையும் மேலே போகும் மின்கம்பியின் உயரத்தையும் பாருங்கள், பாதை ஒரு அடி உயர்ந்தால் இரண்டு இடைவெளியும் ஒரு அடி குறையும்.

வீட்டு வாசல் காங்கிரீட் விரிசல் விடுகிறது

நேர்கோடாகக் குறுக்கே விரிந்தால் மூட்டு விடாமல் போட்டிருக்கிறார்கள். 125 மி.மீ. கனத்துக்கு மூன்று மீட்டருக்கு ஒரு மூட்டு வேண்டும், போட்ட ஒரு நாளுக்குள் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு அறுத்துவிட வேண்டும். வலை வலையாகச் சன்ன விரிசல் என்றால் உச்சி வெயிலில் போட்டுக் காயவிட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் தொடங்கி, இறுகியதும் பாத்தி கட்டி இரண்டு வாரம் தண்ணீர் நிறுத்துங்கள். தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்டால் அடிமண் கரைந்து போயிருக்கிறது. மேலே சிமென்ட் பூசி மறைக்க வேண்டாம், அந்தத் துண்டை உடைத்து, தண்ணீர் நுழையும் வழியை அடைத்து, அடியை இறுக்கி மறுபடி போடுவதுதான் வழி. மூலைக்குழாய்த் தண்ணீர், மொட்டை மாடியின் மழைக் குழாய் இரண்டும் எங்கே விழுகின்றன என்று முதலில் பாருங்கள்.

வீட்டு வேலை முடிவதற்குள்ளேயே பாதை போய்விட்டது

வரிசை மாறியதால் வருவது. போர்வெல் வண்டி, செங்கல் லாரி, கம்பி லாரி, ரெடிமிக்ஸ் வண்டி எல்லாம் வந்து போகும் வரை மேல் அடுக்குக்குச் செலவு செய்யாதீர்கள். முதலில் வாய்க்கால், பைப், உயரம், துணி, 40 மி.மீ. ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்த முரட்டு அடுக்கு வரை போட்டு நிறுத்துங்கள். ஒரு வடகிழக்குப் பருவமழை அதன்மேல் பெய்யட்டும், கனவண்டிகள் ஓடட்டும், உட்காரும் இடமெல்லாம் உட்காரட்டும். தையில் மண் அரை ஈரத்தில் இருக்கும்போது தாழ்ந்த இடங்களை நிரப்பி, நடு உயரத்தை நூல் கட்டிச் சரிபார்த்து, அதற்குப் பிறகு மேல் அடுக்கைப் போடுங்கள்.